கூந்தலில் ஒரு பல்லி

ஜனவரி 3

நூல் வியாபாரி ஒருவர் வருடா வருடம் எங்கள் தறிக்குடோன் ஓனருக்கு நாலு டைரி கொடுப்பார். அதில் ஒன்றை ஓனர் என் பக்கம் தள்ளிவிடுவார். இதுவரை வந்த டைரிகளில் எல்லாம் என் மனைவி வசந்தாமணி கோலம் போட்டுப் பழகினாள். இந்த வருடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் ஆல்பம் போடப் போகிறோம், அதை எழுதி வைக்க வேண்டும்.

நாங்கள் என்றால் மூன்று பேர். மேகலா பாடுவாள், கிட்டார் வாசிப்பாள், பாட்டும் அவளே எழுதுவாள். பகலில் சோமனூரில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். அர்ஷத் டிரம்ஸ். கருமத்தம்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் குழந்தைவேலு, பேஸ் கிட்டார். நாற்பத்தொரு வயதிலும் ஊரே 'கொழந்தை' என்று கூப்பிடுகிற ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாகத் தறி மெக்கானிக்.

எங்கள் பேண்டின் பெயர் 'நாளைய மின்தடை'. பேப்பரில் தினமும் வருகிற தலைப்பு. மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும்போதுதான் எங்கள் ஊரில் தறிச் சத்தம் நிற்கும், அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தோம். ஆல்பத்துக்கு 'காலை 9 முதல் மாலை 5 வரை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயரில்தான் நையாண்டி. பாட்டெல்லாம் மழை, நிலா, பிரிவு, கண்ணீர். அதற்கு மேல் கிட்டாரைக் கரகரவென்று கத்தவிடுவோம்.

இரவுச் சாப்பாட்டில் வசந்தாமணி மறுபடியும் ஆரம்பித்தாள். "ஏனுங், நீங்க வெக்கற டீவி சத்தம் அவினாசி வரைக்கும் கேக்குது. ஒரு நடை காது டாக்டருகிட்டப் போயிட்டு வந்தா என்னங்?"

ஆல்பம் முடியட்டும் என்றேன்.

முன்பு நான் வாசித்த கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் ராமலிங்கம் என்று ஒரு தபேலாக்காரர் இருந்தார். காது மந்தம் என்று தெரிந்த அடுத்த வாரமே அவரை மேடையிலிருந்து இறக்கி வேனில் சாமான் ஏற்ற விட்டார்கள். ஆறு மாதம் ஏற்றினார். பிறகு வரவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, சும்மா ஞாபகத்துக்கு வந்தது.

ஜனவரி 11

அர்ஷத் கடை மாடியில் பயிற்சி. இப்போதெல்லாம் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. அர்ஷத் தலையைக் குனிந்துகொண்டு முனகுகிறான். நிமிர்ந்து பேசுடா என்றால் முறைக்கிறான்.

தறிக்குடோனில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே பேச்சு காதுக்கு இல்லை, கண்ணுக்கு. இருபத்து நாலு தறியும் ஓடும்போது நாற்பதடி தள்ளி நிற்கிறவன் 'டீ வந்துருச்சு' என்கிறானா, 'நூல் அறுந்துருச்சு' என்கிறானா என்று உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டீ என்றால் இன்னும் சீக்கிரம் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 19

இன்று ஒன்று நடந்தது.

மேகலா புதுப் பாட்டு ஒன்று கொண்டுவந்தாள். மூன்று மாதமாக எழுதியதாம். மருந்துக்கடையில் இருந்து இருந்து அவள் கையெழுத்தும் டாக்டர் கையெழுத்து ஆகிவிட்டது, நமக்குப் படிக்க வராது. அதனால் அவள் பாடப் பாட நான் எதிரே உட்கார்ந்து வரிகளை எழுதிக்கொள்வேன். இரண்டாம் குரல் நான்தானே பாட வேண்டும்.

மைக், ஆம்ப் எதுவும் இல்லாமல் மெதுவாகப் பாடிக் காட்டினாள். நான் எழுதினேன். அடுத்த சுற்றில் சேர்ந்து பாடினேன்.

கூந்தலில் ஒரு பல்லி
கூப்பிடுது பேர் சொல்லி

அர்ஷத் கையிலிருந்து குச்சி கீழே விழுந்தது. "ஏப்பா கொழந்தை, என்ன சொன்ன?"

"பல்லி."

"பல்லியா?"

மேகலா என்னையே பார்த்தாள். பிறகு தன் காகிதத்தைப் பார்த்தாள். அவள் எழுதியிருந்தது மல்லி. கூந்தலில் ஒரு மல்லி. எங்கேயோ பிசகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு பின்வாங்குகிற ஆளா நான்? "எல்லாரும் பூவையே பாடிட்டிருந்தா எப்படி? அதான் மாத்திப் பாத்தேன்" என்று ஒரு போடு போட்டேன்.

அர்ஷத் சிரித்தான் பாருங்கள், டிரம்ஸ் ஸ்டூலிலிருந்து வழுக்கித் தரைக்கே போய்விட்டான். மேகலா தன் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "சரிங்ணா. பல்லியே இருக்கட்டும்" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? அர்ஷத் தாளத்தை இரட்டிப்பாக்கினான். மேகலா கரகர பெடலை மிதித்தாள். சுவரில் தொங்கிய காலண்டரில் 'பல்லி விழும் பலன்' இருந்தது. தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று அதை அப்படியே நடுவில் கத்தினோம். அழுகைப் பாட்டு ஒன்று எங்கள் கண்முன்னே துள்ளி எழுந்து ஆடியது. ஒரு வருடமாக நாங்கள் என்னவாக வேண்டும் என்று தெரியாமல் இருந்தோம், இன்று தெரிந்துவிட்டது. நாங்கள் சிரிக்க வைக்கிற பேண்ட்.

இந்த வார்த்தை எங்கிருந்து எனக்கு வந்தது? யோசிக்கவே இல்லை. தானாக வந்து நின்றது. வீடு வந்து சேரும்வரை உடம்பு சிலிர்த்தபடியே இருந்தது.

பிப்ரவரி 2

மறுபடியும் வந்துவிட்டது!

மேகலாவின் இன்னொரு பாட்டு. 'மௌனம் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம்.' நான் எழுதிக்கொண்டது: 'பவுன் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம்.' ஒரு காதல் பாட்டு அப்படியே மாப்பிள்ளை வீட்டார் பேச்சாக மாறிவிட்டது. இந்தத் தடவை அர்ஷத் எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

எனக்குப் பயமாகக்கூட இருக்கிறது. எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியவன் நான். யாரோ எனக்குள் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

பிப்ரவரி 10

மேகலாவுக்கு இன்று என்ன விளையாட்டோ தெரியவில்லை.

"ணா, ஒரு நிமிசம் செவுத்தப் பாத்து நில்லுங்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதாங். நான் ஒரு வரி பாடறேன், நீங்க திருப்பிச் சொல்லுங்."

நின்றேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ரொம்ப நேரம் நின்றேன். அவள் பாடவே இல்லை. "பாடறயா இல்லையா?" என்று திரும்பினால், அவள் பாடி முடித்து நிற்கிற மாதிரி நின்றாள். அர்ஷத் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செரிங்ணா, உட்காருங்" என்றாள். டீ வாங்கிவரப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு நமக்குப் புரிவதில்லை.

பிப்ரவரி 13

ஒரு குறை. மேகலா இப்போது மைக்கைத் தாடைக்குக் கீழே இறக்கிப் பிடிக்கிறாள். உதட்டுக்கு நேராகப் பிடித்தால்தானே குரல் நிற்கும்? சொன்னேன். "இதாங்ணா ஸ்டைலு" என்கிறாள். என்னைப் பார்த்துத் திரும்பி நின்று வேறு பாடுகிறாள். மேடையில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டுவாளா?

அர்ஷத்துக்கும் ஏதோ ஆகிவிட்டது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டுகிறான். பெரிய டிரம்மை இழுத்து என் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டான். இடம் பற்றவில்லையாம். மாடி முழுக்க இடம் கிடக்கிறது.

ஒன்று மட்டும் உண்மை. முன்பைவிட இப்போது நன்றாக வாசிக்கிறேன்.

மார்ச் 5

கோயமுத்தூரில் ரெக்கார்டிங், முதல் நாள். ஓனரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார், பாட்டுப் பதிவு என்றேன். சாமி பாட்டா என்றார். ஆமாம் என்றேன்.

ஸ்டூடியோ ஒரு பழைய வீட்டின் உள்ளே இருக்கிறது. ரெக்கார்டிங் செய்கிறவர் பெயர் சாம்ராஜ். மரத்தரை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று வாசித்தேன். அர்ஷத் ஒவ்வொரு முறை பெரிய டிரம்மை மிதிக்கும்போதும் குதிகாலில் வந்து தட்டியது. சாம்ராஜ் வந்து கை கொடுத்தார். "தாளம் துளிகூட நகர மாட்டேங்குது சார். மெஷின் மாதிரி வாசிக்கறீங்க" என்றார். மெஷின் மாதிரி இல்லை, மெஷினே கற்றுக்கொடுத்ததுதான்.

மாலை பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். நான் அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன். என் தடித்த கம்பி, நான் தட்டினது, கைவழியாக ஏறித் தோளுக்கு வந்து நெஞ்சுக்குள் இறங்கியது. இதுவா நான் வாசித்தது? கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன். பாட்டு முடிந்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

மார்ச் 6

இரண்டு டேக் வீணாகிவிட்டது. யாருடைய போனோ நடுவில் அடித்திருக்கிறது. தேடிப் பார்த்தால் என் பையில் இருந்த என் போன்தான். சத்தத்தை அணைத்து வைத்ததாகத்தான் நினைத்தேன்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாம்ராஜும் மேகலாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வராத அறை, ஆனால் எனக்கு எந்த அறையும் ஒன்றுதானே, உதடு தெரிந்தால் போதும். "அவருக்குக் கேக்குதா, இல்லையா?" என்று சாம்ராஜ் கேட்டார். மேகலாவின் முதுகுதான் தெரிந்தது, என்ன பதில் சொன்னாளோ. ஹெட்போனைப் பற்றித்தான் கேட்டிருப்பார். அங்கே இருக்கிற ஹெட்போன் எல்லாம் பழசு.

மார்ச் 7

ஒன்பது பாட்டும் முடிந்தது. ஒன்பதில் ஆறு பாட்டுக்கு என் பிசகு... அதாவது என் வரிகள். 'பாட்டு: மேகலா, குழந்தைவேலு' என்று போடச் சொல்லியிருக்கிறாள் மேகலா. என் பெயர் அச்சில் வருவது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஆல்பம் வெளிவந்துவிட்டது. வெளிவந்தது என்றால் அர்ஷத் கடையில் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தினான். அவ்வளவுதான். ஒரு தேங்காயாவது உடைத்திருக்கலாம்.

ஏப்ரல் 21

ஒரு வாரத்தில் நாற்பத்தாறு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் பதினொன்று அர்ஷத்தின் அம்மா.

மே 6

பல்லி பிடித்துக்கொண்டது!

பல்லடம் பக்கத்துக் கல்லூரிப் பெண்கள் ஆறு பேர் தலையில் ரப்பர் பல்லியைச் செருகிக்கொண்டு அந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். அதை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். இரண்டு லட்சம்! ஒரு திருமண மண்டபத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு 'பவுன் மட்டும் போதும்' போட்டு, பெண்வீட்டார் எல்லாம் கைதட்டி ஆடி, மாப்பிள்ளையின் அப்பா கோபித்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஒரு சோதிடர் மேகலாவின் கடைக்கே வந்து, பல்லி பலனைக் கிண்டல் செய்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எச்சரித்துவிட்டு, இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டு போனார்.

சென்னையில் ஒருத்தர் எழுதியிருக்கிறார், அர்ஷத் படித்துக் காட்டினான். 'ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஒரு மரபையே கவிழ்த்துவிடுகிற துணிச்சல். மல்லியைப் பல்லியாக்கியவர் யாரோ, அவருக்கு மொழியின் நரம்பு எது என்று தெரிந்திருக்கிறது.' நான் மூன்று முறை படிக்கச் சொன்னேன். மேகலா சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மே 20

பேட்டி. கேமராவோடு ஒரு பையன் வந்தான். தாடி வாயை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. அவன் என்ன கேட்கிறான் என்று ஒன்றுமே பிடிபடவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் மேகலா என் பக்கம் திரும்பி, "இந்த வார்த்தையெல்லாம் உங்களுக்கு எப்படி வருதுன்னு கேக்கறாருங்ணா" என்று மறுபடி சொன்னாள். தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக.

"தானா வருதுங்" என்றேன்.

சொல்லும்போது மேகலாவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மே 21

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து 'மல்லி' என்று சொன்னேன். பிறகு 'பல்லி'. பிறகு 'மல்லி'. மௌனம். பவுன். மௌனம்.

உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. ஒரே மாதிரிதான் திறக்கிறது.

சோப்பு காய்ந்துபோகிற வரை அங்கேயே நின்றிருக்கிறேன். வசந்தாமணி வந்து தோளைத் தொட்டாள். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டாளாம்.

மே 22

ஒன்றும் எழுதுவதற்கில்லை. மூன்று தறிக்கு பெல்ட் மாற்றினேன்.

ஜூன் 9

சோமனூர் சந்தைத் திடலில் எங்கள் முதல் மேடை. இருபத்தோராம் தேதி. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். ராமலிங்கத்தின் முகம் வந்து முன்னால் நின்றது. சாமான் ஏற்றும்போதும் விரலால் வேனின் கதவில் தாளம் போட்டுக்கொண்டே ஏற்றுவார். இந்த மேடை முடியட்டும், பிறகு சொல்லலாம். அதற்குள் சொன்னால் நான் இல்லாமலே முடித்துவிடுவார்கள்.

ஜூன் 20

இப்படி ஒரு கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும்.

அர்ஷத் போஸ்டர் அடித்து முந்தாநாள் ஊர் பூராவும் ஒட்டினான். கறுப்பு எழுத்து, மஞ்சள் தாள். 'நாளைய மின்தடை. சோமனூர் சந்தைத் திடல். ஜூன் 21, மாலை 6 முதல் 9 வரை.' படம் போட்டால் செலவு என்று படம் போடவில்லை.

இன்று காலை எங்கள் தெருவில் ஒரே கிரைண்டர் சத்தம் என்று வசந்தாமணி சொன்னாள். எல்லா வீட்டிலும் மாவு ஆட்டுகிறார்களாம், தொட்டி நிரப்புகிறார்களாம். பக்கத்து வீட்டில் நான்கு போனையும் வரிசையாகச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். குடோனுக்குப் போனால் ஓனர் எல்லோரையும் கூப்பிட்டு, "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் தறிய நிறுத்தீருங்கப்பா, ஒம்பது வரைக்கும் கரண்டு வராது" என்கிறார்.

"ஏனுங், அது கரண்டு இல்லீங், எங்க பாட்டுக் கச்சேரிங்" என்றேன்.

"போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்கறான், நீ கச்சேரிங்கற" என்றார். "எந்த நாள்லயாவது இப்படித் தெருத்தெருவா ஒட்டிச் சொல்லீருக்கறானா? இப்பத்தான் ஒழுங்கா வேலை செய்யறானுக."

பக்கத்துக் குடோன்களிலும் இதே பேச்சு. அர்ஷத்திடம் சொன்னேன், தலையில் கை வைத்துக்கொண்டான். மேகலா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 22

காது டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். டோக்கன் பதினாலு. நம்பரைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்று வசந்தாமணி கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், கேட்காது. இந்த டைரியில் இதை எழுத இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தரைக்கு மேடையில் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தோம். எதிரே ஐம்பது நாற்காலி, அதில் எட்டுப் பேர். ஒருவர் அர்ஷத்தின் அம்மா. வசந்தாமணி முன்வரிசையில், தலை நிறைய மல்லிகைப்பூவோடு. ஆறு மணி ஆனது. அர்ஷத் திடீரென்று குச்சிகளைக் கீழே வைத்தான். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். மேகலாவும் அப்படியே நின்றாள். கீழே இருந்த எட்டுப் பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"கேட்டயா?" என்றான் அர்ஷத்.

"என்னத்த?"

"ஒண்ணுமே இல்ல பாரு. அத்தனை தறியும் நின்னு போச்சு. ஊரே கம்முனு ஆயிருச்சு."

"எங்கப்பா நின்னுச்சு? ஓடிட்டுத்தான இருக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் இருவருடைய முகத்தையும் பார்த்தேன். என் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது, டக்கு டக்கு டக்கு என்று. வீட்டிலும் அதுதான், கோயிலிலும் அதுதான். ஊர்ச் சத்தம் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். ஊர் நின்றுவிட்டது, அது நிற்கவில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மேகலா, எனக்குக் கேக்கறதில்ல சாமி" என்றேன்.

"தெரியுங்ணா."

"எப்ப இருந்து?"

"செவுத்தப் பாத்து நிக்கச் சொன்னனல்லங், அன்னைக்கிருந்து."

அர்ஷத் என் முன்னால் வந்து நின்று, நான் பார்க்கிற மாதிரி பேசினான். "எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். போன் ஸ்பீக்கர் போச்சுன்னு ரிப்பேருக்குக் கொண்டாந்தயே? ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. புதுசு மாத்தீட்டேன்னு சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. மைக்கைத் தாடைக்குக் கீழே பிடித்தது, மாடு மாதிரி தலையாட்டியது, டிரம்மைக் காலடியில் வைத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் அதையெல்லாம் குறை என்று வேறு இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கிட்டார் வாரைத் தோளிலிருந்து கழற்றினேன். "நான் எறங்கிக்கறேன். சாமான் ஏத்தறதுக்கு வேணா வர்றேன்."

"சாமான் ஏத்தறதுக்கு வேன் டிரைவர் இருக்கறாரு" என்றான் அர்ஷத். நிஜமாகவே கோபம். "நீ போயிட்டா ரெண்டாங் குரலுக்கு நான் பாடணும். என்ற குரலக் கேட்டிருக்கறயா? கேட்டிருக்க மாட்ட. உனக்கு நல்ல காலம்."

"மேகலா, நீ மூணு மாசமா எழுதுனதக் கெடுத்துப் போட்டனே."

அவள் சிரிக்கவில்லை. "மொத நாளு வீட்டுக்குப் போயி அழுதனுங்ணா. அது ஒருத்தருக்காக எழுதுனதுங். மக்யா நாளு கடையில நின்னுட்டிருக்கும்போது பல்லி ஞாபகம் வந்து தனியாச் சிரிச்சனுங். எத்தனையோ நாளைக்கப்பறம் மனசாரச் சிரிச்சது அன்னைக்குத்தான். வாரை மாட்டுங்."

மாட்டினேன். "இன்னைக்கு மட்டும் மல்லின்னே பாடு" என்றேன். அவள் மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

அப்போதுதான் ஜனம் வர ஆரம்பித்தது. தறி நின்றுவிட்டது, கரண்டு இல்லை என்று நம்பி டீவியை அணைத்தாகிவிட்டது, வீட்டுக்குள் என்ன செய்வது? தறிக்காரர்கள், பாவு நூல் ஓட்டுகிறவர்கள், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், எல்லோரும் காற்று வாங்க வெளியே வந்து திடல் பக்கமாக நகர்ந்தார்கள். தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. என் ஓனரும் வந்தார். விளக்கைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பின்னால் கட்டியிருந்த 'நாளைய மின்தடை' பேனரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

அறுநூறு பேர் இருப்பார்கள். தறிச் சத்தம் இல்லாத சாயங்காலத்தில் எங்கள் சத்தம் மட்டும். பவுன் பாட்டுக்குப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தனை கால்கள் குதித்ததில் மண் அதிர்ந்து மேடைப் பலகை அதிர்ந்து என் உள்ளங்கால் அதிர்ந்தது. ஊர் முழுவதும் என் காலுக்குக் கீழே ஒரு தாளத்துக்கு வந்து நின்றது. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசியாகப் பல்லி. அர்ஷத் தலையை ஆட்டி எண்ணினான். கூட்டம் சிரிக்கத் தயாராகச் சிரித்த முகத்தோடு நின்றது. ரப்பர் பல்லியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பேர். ஆனால் அர்ஷத் அடிக்கவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டான். மேகலா கரகர பெடலைக் காலால் அணைத்தாள். மைக்கைத் தாடைக்குக் கீழே இறக்கி, கூட்டத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கம்பியைத் தடவிப் பாட ஆரம்பித்தாள்.

கூந்தலில் ஒரு.

உதடு மூடியது, திறந்தது. பல்லியா, மல்லியா? எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்த சுற்றில் நான் சேர வேண்டும், எதைப் பாடுவது? நான் கூட்டத்தைப் பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. தூக்கிய பல்லிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அறுநூறு முகம், ஒன்றிலும் பல் தெரியவில்லை. என் ஓனர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு ஒடிசாப் பையன், அவனுக்கு எங்கள் பாஷை முழுதாகப் புரியாது, அவனும் அசையாமல் நின்றான். வசந்தாமணியின் கை மெல்ல மேலே போய்த் தன் தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தது.

நான் மைக் அருகே போனேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் குரலில் மல்லி என்று பாடினேன். திறந்து பார்த்தபோது ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.